அஞ்சாவது ரவுண்டு

இந்த இனிய மாலைக்குத் தலைமை தாங்கி நடுநாயகமாக வீற்றிருக்கிற, குளக்கரை ஓட்டக்காரர் மன்றத்தின் தலைவர் அவர்களே! ஊரில் உயர்ந்து நிற்கும் மாடிகளுக்கெல்லாம் மனிதர்களை ஏற்றி இறக்குகிற லிப்ட் மெக்கானிக் அவர்களே! வெளியில் மட்டுமல்ல, வீட்டிலும் தாமே தலைவர் என்று இத்தனை ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருக்கிற என் அருமைக் கணவர் அவர்களே!

மூன்று பேர் அல்ல, மூவரும் ஒருவர்தான்! தட்டுங்கள், நன்றாகக் கை தட்டுங்கள். அவர் இப்போது கோபித்துக்கொள்ள முடியாது. மேடையில் உட்கார்ந்திருக்கிறார்.

முன்னிலை வகிக்கும் மூத்தோர்களே! மருந்துக் கடை வைத்திருக்கிற ஒரே காரணத்தால், கல்லூரி வாசலை மிதிக்காமலேயே "டாக்டர்" என்று ஊரார் வாயால் பட்டம் பெற்ற என் அன்புத் தம்பி அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! "உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று யார் கேட்டாலும் "குளக்கரையில ஓடிக்கிட்டு இருக்கார்" என்று தலை நிமிர்ந்து சொன்னவர்களே, சொல்லி ஏமாந்தவர்களே, என் இனமே, என் சனமே! நாற்காலி கிடைக்காமல் நிற்கிற இளைஞர்களே! வேலிக்கு அப்பால் சைக்கிளில் ஒற்றைக் கால் ஊன்றி, ரெண்டு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று நிற்கிற வழிப்போக்கர்களே! உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த வணக்கம்.

என் முகம் பலருக்குத் தெரியாது, குரல் தெரியும். ரயில் நிலையத்தில் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று கூவுகிறவள் நான்தான். வண்டி வராததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டே வயிறு வளர்க்கிறவள். இன்றைக்கும் எனக்கு அதே வேலைதான் தந்திருக்கிறார்கள். மேடையில் பாருங்கள், தலைவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அது இன்றைய விழா நாயகியின் நாற்காலி. அவர் எங்கே? அதோ, குளத்தின் அந்தக் கரையில் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறார்! "ஓட்டம் முதல்ல, விழா அப்புறம்" என்று சொல்லிவிட்டார். அவர் வந்து சேரும் வரைக்கும் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆக, நான் சிறப்புப் பேச்சாளர் அல்ல. தாமத அறிவிப்பு.

என்ன பேசப் போகிறேன்? பீரைப் பற்றிப் பேசப் போகிறேன்.

ஏன் சிரிக்கிறீர்கள்? பின்னால் நிற்கிற தம்பி, விசில் அடிக்காதே, உன் அப்பா மூன்றாவது வரிசையில் இருக்கிறார். ஆம், பீரைப் பற்றித்தான். ஓடி ஓய்ந்த உடம்புக்கு அது மருந்தா, விருந்தா, வினையா? அதைப் பற்றித்தான்.

அன்பர்களே! இந்த மனித உடம்பைப் பார்த்து நீங்கள் எப்போதாவது மலைத்து நின்றதுண்டா? என் கணவரின் உடம்பைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். நீங்கள் ஓடுகிறீர்கள். உள்ளே நெருப்பு மூள்கிறது. அந்த நெருப்பில் நீங்கள் வெந்துவிடாமல் இருக்க, தோலில் உள்ள கோடானுகோடித் துளைகள் வழியே உடம்பு தன் தண்ணீரைத் தானே எடுத்துத் தன் மேல் தெளித்துக்கொள்கிறது! யார் சொல்லிக் கொடுத்தது? எந்தப் பள்ளியில் படித்தது? இருந்த தண்ணீரையெல்லாம் இறைத்துக் கொடுத்த பிறகு, வெட்கப்படாமல் வாய் திறந்து கேட்கிறது, "தா, தா, தண்ணீர் தா" என்று. அந்தக் கேள்விக்குப் பெயர்தான் தாகம். எத்தனை நேர்மையான கேள்வி! எத்தனை பழமையான கேள்வி! அந்தக் கேள்விக்குத்தான் நம் மன்றத்தார் ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். குளிரக் குளிர, நுரை ததும்பத் ததும்ப ஒரு பதில்.

கதையைச் சொல்கிறேன்.

என் கணவர் லிப்டுகளோடு வாழ்கிறவர். ஒரு நாள் ஏதோ ஒரு கட்டடத்தில் லிப்ட் நின்றுபோக, படியேறிப் போனவர் பாதி மாடியில் உட்கார்ந்துவிட்டார். லிப்டைச் சரி செய்ய வந்தவரை, மாடியில் குடியிருந்த அம்மாள் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார வைத்து விசிறிவிட்டாராம். வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "இனிமே ஓடப் போறேன்மா. இந்த வயித்தை இப்படியே விட்டா அது என்னை விட்டுட்டு முன்னாடி போயிடும்."

சொன்னபடி ஓடினார். அவரோடு நம் டாக்டர் தம்பி ஓடினார், அச்சகத்துக்காரர் ஓடினார், பெட்டிக்கடைக்காரர் ஓடினார். மன்றம் பிறந்தது. மாலையில் வேலை முடிந்ததும் குளத்தை நான்கு சுற்று. அதற்குப் பிறகு? அதற்குப் பிறகுதான் தாய்மார்களே, நாம் கேட்டுக் கேட்டுப் பூரித்துப்போன அந்த வார்த்தை. "அஞ்சாவது ரவுண்டு!"

"ஏங்க, இன்னிக்கு ஏன் லேட்டு?"

"அஞ்சாவது ரவுண்டு முடிச்சுட்டு வர்றேன்மா."

ஆகா! நாங்கள் என்ன நினைத்தோம்? மற்றவர்கள் எல்லாம் நான்கோடு நாக்குத் தள்ள நிற்கும்போது, நம் வீட்டுச் சிங்கங்கள் ஐந்தாவது சுற்றும் ஓடிக் கிழிக்கின்றன என்று நினைத்தோம். பக்கத்து வீட்டில் சொன்னேன். என் அலுவலகத்தில் சொன்னேன். மைக்கைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் சொன்னேன். "அஞ்சு ரவுண்டு ஓடுறாராம், ஆனா தொப்பை மட்டும் அப்படியே நிக்குதே?" என்று கேட்ட என் தங்கையிடம் சண்டைக்குப் போனேன்.

ரவுண்டு! இந்த ஒரு வார்த்தையைப் பாருங்கள். குளத்தைச் சுற்றினாலும் ரவுண்டு, கோப்பையைச் சுற்றினாலும் ரவுண்டு. காலால் போவதும் அதுதான், கையால் போவதும் அதுதான். பொய் சொல்லாமலேயே பொய் சொல்ல இதைவிட வாகான வார்த்தை உண்டா? குளக்கரை வாசலுக்கு எதிரே, சைக்கிள் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில், நீண்டு குறுகிய ஓர் அறை. உள்ளே ஒரு கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டி, சில பிளாஸ்டிக் நாற்காலிகள். அங்கேதான் அந்த ஐந்தாவது ரவுண்டு நடந்திருக்கிறது.

நான் நியாயமாகப் பேச வேண்டும். அந்த முதல் மிடற்றை நான் பழிக்க மாட்டேன். என் கணவரே பிறகு எனக்குச் சொன்னார். வியர்வை வழிய உள்ளே போவார்களாம். பனி பூத்த பாட்டிலை எடுத்து முதலில் பிடரியில் வைத்துக்கொள்வார்களாம். முதல் மிடறு இறங்கும்போது ஒருவரும் பேச மாட்டார்களாம். அச்சகத்துக்காரர்கூடப் பேச மாட்டாராம்! "அந்த நிமிஷம் உலகத்துல யார் மேலயும் எனக்குக் கோபம் இருக்காதும்மா" என்றார். நான் நம்புகிறேன். களைத்த உடம்பு குளிர்ந்ததைக் கண்டால் அப்படித்தான் உருகும். நான் கோபப்படுவது அதற்கல்ல. அதற்கு அவர்கள் சூட்டிய பெயருக்கு.

ஏனென்றால் நம் டாக்டர் தம்பி அதற்கு ஒரு விஞ்ஞானம் எழுதினார்! தம்பி, முகத்தை மறைக்காதே, உன்னை எல்லோருக்கும் தெரியும். "அண்ணே, பீர்ல பெரும்பங்கு தண்ணிதான். மிச்சம் பார்லி. பார்லின்னா தானியம். தானியம்னா சத்து. ஓடி முடிச்ச தசைக்கு இதைவிட வேற மருந்தே கிடையாது." கேட்டவர்கள் யார்? ஏற்கெனவே கையில் கோப்பை வைத்திருந்தவர்கள். மறுப்பு யார் சொல்வார்கள்?

அத்தோடு நின்றதா? அடுத்து ஒரு வழக்கம் வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர், தாகத்தைச் சேமிப்பது! உண்டியலில் காசு சேர்ப்பதுபோல் தொண்டையில் தாகம் சேர்ப்பார்களாம். ஓட்டத்துக்கு முன்னால் தண்ணீர் குடிக்கக் கூடாது, ஓடும்போது குடிக்கக் கூடாது, ஓடி முடித்தும் குடிக்கக் கூடாது. "இப்பத் தண்ணி குடிச்சிட்டா அப்புறம் அது ருசிக்காது." உடம்பு கெஞ்சக் கெஞ்ச, கேட்காத காதோடு ஓடினார்கள்.

நானோ, என் வீட்டில் இன்னொரு கூத்து நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவர் அருகில் வந்தபோது ஒரு மாதிரி வாசனை வந்தது. "என்னங்க குடிச்சீங்க?" என்று கேட்டேன். மனிதர் கண் இமைக்கவில்லை. "பார்லித் தண்ணி" என்றார். பொய்யா? இல்லை! முழுப் பொய்யென்றால் கண்டுபிடித்திருப்பேன். கால்வாசி உண்மையை யார் கண்டுபிடிப்பது? மறுநாளே கடைக்குப் போய் பார்லி வாங்கி வந்தேன். கொதிக்க வைத்து, வடிகட்டி, ஆறவைத்து, வீட்டுக்குள் நுழைகிற மனிதரிடம் பெரிய டம்ளரில் நீட்டினேன். "ஓடுற மனுஷன், நல்லாக் குடிங்க." பாவம், முகம் கோணாமல் குடித்தார். தினமும் குடித்தார். அந்தக் கரையில் ஒரு பார்லி, இந்தக் கரையில் ஒரு பார்லி!

சிரித்துக்கொள்ளுங்கள். இனிமேல் கதை சிரிக்க விடாது.

இந்த மன்றத்துக்கு ஒரு பெண் வந்தார். பேருந்து ஓட்டுநர். நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பதால் இடுப்பு வலிக்கிறது, ஓட வேண்டும் என்று வந்தார். டிரைவரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அடக்க ஒடுக்கம் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். நெரிசலில் லாரிக்காரனோடு சண்டை போட்டு வளர்ந்த தொண்டை. முதல் நாளே என் கணவரைப் பார்த்து, "தலைவரே, இடது பக்கம் ஒதுங்கி ஓடுங்க, பின்னாடி வண்டி வருது" என்று சொல்லிவிட்டு முந்திப் போனவர்.

நான்கு சுற்று முடிந்தது. யாரோ சொன்னார்கள், "சரி, அஞ்சாவது ரவுண்டுக்குப் போலாமா?" எல்லோரும் வாசலைப் பார்த்து நடந்தார்கள். டிரைவரம்மா குளத்தைப் பார்த்து ஓடினார்!

ஏன்? அவருக்கு ரவுண்டு என்றால் ரவுண்டு. பேருந்து ஓட்டுகிறவருக்கு அந்த வார்த்தைக்கு வேறு பொருள் உண்டா? கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வந்தால்தானே ஒரு ரவுண்டு! இவர்கள் வாசலில் கொஞ்சம் இளைப்பாறிவிட்டுப் பின்னால் வருகிறார்கள் என்று அவர் நினைத்தார். அவருக்குக் குடி பிடிக்காது, அதனால்தான் நழுவி வீட்டுக்குப் போகிறார் என்று இவர்கள் நினைத்தார்கள். தினமும் அவர் ஓடினார், தினமும் இவர்கள் உட்கார்ந்தார்கள். ஓடி முடித்து வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பாராம். ஒருவரும் வர மாட்டார்கள். "பாவம், மெதுவா ஓடுறாங்க" என்று இரக்கப்பட்டு வீட்டுக்குப் போவாராம்!

ஒரு நாள் மனசு கேட்காமல் கேட்டேவிட்டார். "ஏன் தலைவரே, அஞ்சாவது ரவுண்டுக்கு மட்டும் உங்களுக்கு ஏன் இவ்வளவு நேரமாகுது?"

என் கணவர் சொன்ன பதிலைக் கேளுங்கள். "அதை அவசரப்பட்டு முடிக்கக் கூடாதும்மா. நிதானமா, ரசிச்சு முடிக்கணும்."

"நான் ஒரே மூச்சுல முடிச்சுடுவேன்."

"ஒரே மூச்சுலயா!" என்று டாக்டர் தம்பி வாய் பிளந்தாராம். குடிக்காதவர் என்று நினைத்தவர், வீட்டில் ஒரே மூச்சில் பாட்டிலைக் காலி செய்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து டிரைவரம்மா மேல் மன்றத்துக்கே தனி மரியாதை.

அப்படியே மாதங்கள் போயின. கோடை வந்தது. அந்த நாளும் வந்தது.

அன்று என் கணவர் பகல் முழுவதும் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், லிப்ட் மோட்டார் அறைக்குள் வேலை செய்திருக்கிறார். தகரக் கதவு, ஜன்னல் கிடையாது, உள்ளே மோட்டாரின் சூடு. சட்டையைப் பிழிந்து பிழிந்து போட்டுக்கொண்டு வேலை செய்திருக்கிறார். தண்ணீர் குடித்தாரா? இல்லை. தாகத்தைச் சேமித்தார். மாலையில் டாக்டர் தம்பி உசுப்பேற்றினார், "அண்ணே, இன்னிக்கு நாலு ரவுண்டும் எங்கயும் நிக்காம ஓடிட்டா நீங்கதான் ஆம்பளை." ஓடினார். நிற்காமல் ஓடினார். வாழ்க்கையில் முதல் முறையாக நான்கு சுற்றும் நிற்காமல் ஓடினார். குடித்தாரா? குடித்தார். பெரிய பாட்டில், பிறகு இன்னொரு பெரிய பாட்டில், மடக் மடக்கென்று. சேர்த்து வைத்த தாகத்தை எல்லாம் ஒரே நாளில் செலவு செய்தார்.

பிறகு எழுந்தார். "தலை கொஞ்சம் கிறுகிறுங்குது. குளத்துக் காத்து வாங்கிட்டு வர்றேன்" என்றார். வெளியே போனார். கொஞ்ச நேரம் பார்த்தார்கள், வரவில்லை. வீட்டுக்குப் போயிருப்பார் என்று விட்டுவிட்டார்கள். வீட்டில் நான் பார்லித் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் எங்கே போனார்? குளத்தின் அந்தக் கோடியில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொட்டகை இருக்கிறதே, அதன் பின்னால் ஒரு சிறு வாய்க்கால் இருக்கிறதே, அங்கே போனார். முகம் கழுவக் குனிந்தார். கண் இருண்டது. குப்புற விழுந்தார். அந்த வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் தெரியுமா? கணுக்கால் நனையும். அவ்வளவுதான்! ஆனால் மூக்கும் வாயும் மூழ்குவதற்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? நாளெல்லாம் தண்ணீர் தண்ணீர் என்று கேட்ட உடம்பு, கடைசியில் தண்ணீரிலேயே முகம் புதைத்துக் கிடந்தது.

அன்று டிரைவரம்மாவின் பேருந்து நெரிசலில் மாட்டித் தாமதம். அவர் குளக்கரைக்கு வந்தபோது மற்றவர்கள் நான்கையும் முடித்து வாசலில் நின்றார்கள். "நீங்க ஆரம்பிங்க, நான் ஓடி முடிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லித் தனியாக ஓடினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வெயில் சாய்ந்துவிட்டது. கரையில் ஆள் இல்லை. ஒரு பகல் முழுக்க ஸ்டியரிங் பிடித்த கை. கிளட்ச்சை மிதித்து மிதித்துக் கடுத்த கால். என் அன்பான பெரியோர்களே, நான் உங்களைக் கேட்கிறேன். அந்த இடத்தில், நான்காவது சுற்று முடிந்த அந்த வாசலில், அவர் நின்றிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? பார்க்க யார் இருந்தார்கள்? பரிசு யார் தரப்போகிறார்கள்? பழி யார் சொல்லப்போகிறார்கள்?

அவர் பிறகு என்னிடம் சொன்னார். "நின்னுடலாம்னுதான்க்கா தோணுச்சு. வீட்டுக்குத் திரும்பிட்டேன்கூட. அப்புறம், அவங்கல்லாம் எனக்கு எதிர்க்கரையில ஓடி, அந்த வெயில்ல அஞ்சாவதும் முடிச்சிருப்பாங்களே, நான் மட்டும் ஏமாத்தலாமான்னு திரும்பி ஓடினேன்."

ஏமாற்றக் கூடாது என்று ஓடினார், அன்பர்களே! ஏமாற்றிக்கொண்டிருந்தவர்களை நம்பி, ஏமாற்றக் கூடாது என்று ஓடினார்! எனக்கு இப்போதும் இதைச் சொல்லும்போது உடம்பு சிலிர்க்கிறது.

ஓடினார். மோட்டார் கொட்டகை வந்தது. வாய்க்காலில் ஏதோ வெளுப்பாகத் தெரிந்தது. யாரோ துணி துவைத்துவிட்டு மறந்து போயிருக்கிறார்கள் என்று நினைத்தாராம். இரண்டு எட்டுத் தாண்டியும் போய்விட்டாராம். துணிக்கு எப்படிக் காலணி இருக்கும் என்று தோன்ற, திரும்பினார். இறங்கினார். என் கணவர் எடையில் குறைந்தவர் அல்ல, அதை இந்த மேடையே சாட்சி சொல்லும். அவரைத் தனி ஒருத்தியாகப் புரட்டினார், இழுத்தார், கரையில் போட்டார், ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினார். தட்டிக்கொண்டே பேருந்தில் கத்துகிற குரலில் கத்தினாராம், "இறங்காதீங்க தலைவரே! இது உங்க ஸ்டாப் இல்ல! இறங்காதீங்க!"

சேறும் நீரும் கக்கி ஒரு மூச்சு வந்தது. கரகரவென்று ஒரு மூச்சு. கண் திறக்கவில்லை, மூச்சு மட்டும் வந்தது.

ஓடும்போது அவர் போன் கொண்டு வருவதில்லை. என் கணவரின் போன் வாய்க்காலில். கூப்பிட ஆள் இல்லை. வாசல் அரைச் சுற்றுத் தூரம். நான்கரைச் சுற்று ஓடிய கால்கள். அந்தக் கால்களால் அவர் அந்த அரைச் சுற்றை எப்படி ஓடியிருப்பார்? எங்கிருந்து வந்தது அந்த வேகம்? இதை நினைக்கும்போதுதான் ஐயா, நான் வாயடைத்துப் போகிறேன். தீர்ந்துவிட்டது என்று நாம் நினைக்கிற இடத்துக்கு அப்பால், இந்த உடம்பு எதையோ எடுத்து வைத்திருக்கிறது. தனக்கென்று கேட்டால் தராது. இன்னொரு உயிருக்கு என்றால் அள்ளிக் கொடுக்கிறது!

வாசலைத் தாண்டி வெளியே வந்தவர், சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டு அந்த அறைக்குள் நுழைந்தார். உள்ளே மன்றமே உட்கார்ந்திருந்தது.

"எந்திரிங்கய்யா! தலைவர் வாய்க்கால்ல விழுந்துட்டார்! மோட்டார் கொட்டகைகிட்ட கெடக்கார்!"

சொல்லும்போதே அவர் கண் மேசைக்குப் போனது. பாட்டில், கோப்பை, நுரை. "நீங்கல்லாம் இங்க என்ன பண்றீங்க? அஞ்சாவது ரவுண்டு ஓடலையா?"

டாக்டர் தம்பி கையில் கோப்பையோடு, எழுந்தும் எழாமலும், திக்கித் திக்கிச் சொன்னார். "இதான்மா... இதான் அஞ்சாவது ரவுண்டு."

டிரைவரம்மா அந்தக் கோப்பையைப் பார்த்துக் கேட்டாராம்.

"அப்ப இத்தனை நாளா நான் ஒருத்திதான் ஓடிக்கிட்டு இருந்தேனா?"

அவர் திட்டவில்லை, அழவில்லை. அதற்கெல்லாம் நேரமும் இல்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "சரி. இப்ப ஓடுங்க."

ஓடினார்கள்! மன்றத்தின் வரலாற்றிலேயே முதல் முறையாக எல்லோரும் ஐந்தாவது ரவுண்டு ஓடினார்கள்! வயிற்றில் பீர் குலுங்க, மூச்சு முட்ட, செருப்பு தெறிக்க ஓடினார்கள். டாக்டர் தம்பி பாதி வழியில் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார், துடைத்துக்கொண்டு மறுபடி ஓடினார். அதற்காகவே தம்பி, உன்னை நான் மன்னித்தேன். வண்டி நுழையாதபடி வாசலில் இரும்புக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள் அல்லவா? போன் போட்டு வரவழைத்த ஆம்புலன்ஸ் வெளியிலேயே நின்றது. அரைச் சுற்றுத் தூரமும் என் கணவரைத் தோளிலும் கையிலும் தாங்கித் தூக்கி வந்தார்கள். முன்னால் வழி காட்டிக்கொண்டு ஓடியவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

மருத்துவமனைக்கு நான் ஓடினேன். பணியில் இருந்த மருத்துவர் ஓர் இளம்பெண். "என்ன குடிச்சாரு?" என்று கேட்டார்.

நான் நிமிர்ந்து நின்று சொன்னேன், "பார்லித் தண்ணிங்க. தினமும் அதான் குடிப்பார்."

அவர் குனிந்து முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆமாம்மா, பார்லித் தண்ணிதான். ஆனா மூடி போட்ட பாட்டில்ல வர்ற பார்லித் தண்ணி."

அந்தப் பெண்தான் எனக்கு விளக்கினார். "உள்ள போகும்போது தண்ணி மாதிரிதான் போகும். ஆனா அதுல இருக்கிற போதை, உடம்புல மிச்சம் இருக்கிற தண்ணியையும் வெளிய தள்ளும். ஓடி முடிச்ச உடம்புக்கு முதல்ல வேண்டியது தண்ணியும், கொஞ்சம் உப்பும், சாப்பாடும், ஓய்வும். இவர் காஞ்ச மண்ணுக்கு இதை ஊத்தியிருக்கார். நல்ல வேளை, சீக்கிரம் தூக்கிட்டாங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா..." அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய வாக்கியமும் அல்ல அது.

நான் வெளியே தாழ்வாரத்துக்கு வந்தேன். அங்கே ஒரு பெஞ்சில், சேறு அப்பிய காலணியோடு டிரைவரம்மா உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்திருந்தார்கள். அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் அந்தத் தண்ணீர் இறங்குவது தெரிந்தது. வெறும் தண்ணீர்! நிறமில்லை, நுரையில்லை, பெயரில்லை. அது இறங்க இறங்க அந்த முகம் தெளிந்தது, தோள் தளர்ந்தது, மூச்சு அடங்கியது. அதுவரை ஒரு மனுஷி தண்ணீர் குடிப்பதை நான் பார்த்ததே இல்லை என்று எனக்குத் தோன்றியது. குடித்து முடித்து, புறங்கையால் வாயைத் துடைத்து, "இன்னொரு செம்பு கிடைக்குமாக்கா?" என்று கேட்டார். நான்தான் ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கைகூப்பினேன்.

அவர் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். "எதுக்குக்கா கும்பிடுறீங்க? எல்லாரும் ஓடுறாங்கன்னு நெனச்சுத்தான் நானும் ஓடினேன். உண்மை தெரிஞ்சிருந்தா நாலோட வீட்டுக்குப் போயிருப்பேன்."

அன்பு நெஞ்சங்களே! அந்த வார்த்தை என்னை இன்றைக்கும் தூங்க விடுவதில்லை. யாராவது ஒருவர் முன்பே சிரித்துக்கொண்டு "அது ஓட்டம் இல்லம்மா, பீரு" என்று சொல்லியிருந்தால்? அவர் மனசு விட்டுப்போய் வீட்டுக்குத் திரும்பியிருந்தால்? என் நெற்றியில் இந்தப் பொட்டு ஏது? இந்த மேடை ஏது? இந்தத் தலைவர் ஏது? நாம் சொல்லுகிற ஒரு வார்த்தையை எங்கோ ஒருவர் அப்படியே நம்புகிறார். நம்பி ஓடுகிறார். நாம் வாயால் ஓடிய சுற்றை அவர் காலால் ஓடுகிறார். பொய்யாகப் பிறந்த ஒரு வார்த்தையை, தெரியாமலேயே தன் வியர்வையால் மெய்யாக்கிவிடுகிறார்! இதைவிடப் பெரிய அதிசயத்தை நான் கண்டதில்லை, இனியும் காணப்போவதில்லை.

"அப்ப பீர் குடிக்கவே கூடாதா?" என்று அங்கே ஒருவர் கேட்கிறார். ஐயா, நான் உங்கள் மனைவி அல்ல. குடிப்பதும் விடுவதும் உங்கள் பாடு. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். முதலில் உடம்பு கேட்டதைக் கொடுங்கள். தாகம் தண்ணீரைக் கேட்டால் தண்ணீரைக் கொடுங்கள். பிறகு நண்பர்களோடு உட்கார ஆசை என்றால், ஆசை என்றே சொல்லிவிட்டு உட்காருங்கள். மருந்து என்று சொல்லாதீர்கள். பார்லி என்று சொல்லாதீர்கள். ரவுண்டு என்று சொல்லவே சொல்லாதீர்கள்! தலைவர் இன்னும் குடிக்கிறாரா என்று கேட்கிறீர்களா? அவரிடமே கேளுங்கள், அவருக்கும் வாய் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது, தாகத்தைச் சேமிப்பதை அவர் அன்றோடு நிறுத்திவிட்டார். என் பார்லித் தண்ணீரையும் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார், அதை மட்டும் நான் நிறுத்தவில்லை.

இன்று அந்த மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில், அவர் விழுந்த அதே இடத்தில், மன்றத்தார் ஒரு குடிநீர்க் குழாய் வைத்திருக்கிறார்கள். ஓடுகிறவர்கள் நின்று குடிக்கலாம். அதைத் திறந்து வைக்கத்தான் டிரைவரம்மாவை அழைத்தோம். அவரோ...

என்ன? என்ன சத்தம் அங்கே? வழி விடுங்கள், வேலி ஓரம் நிற்பவர்கள் வழி விடுங்கள்! வந்துவிட்டார்! அதோ, வியர்வையில் குளித்துக்கொண்டு, கையை ஆட்டிக்கொண்டு...

என்னங்க, எங்கே எழுந்து போகிறீர்கள்? தலைவர் மேடையை விட்டு இறங்கலாமா? ஓ! தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு போகிறீர்களா? போங்கள், போங்கள். தளும்பாமல் கொண்டு போங்கள்.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள். தட்டாதீர்கள், ஒரு நிமிடம் கை தட்டாதீர்கள். முதலில் அவர் குடிக்கட்டும்.

குடித்துவிட்டார்.

பயணிகளின் கனிவான கவனத்திற்கு! இத்தனை நேரம் நாம் காத்திருந்த வண்டி, தன் ஐந்தாவது ரவுண்டை முழுமையாக ஓடி முடித்து, இதோ நம் மேடைக்கு வந்துகொண்டிருக்கிறது. பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. என் கணவரை எனக்குத் திருப்பித் தந்த கால்களுக்கு வணக்கம்.

இப்போது தட்டுங்கள்!